டான்யூப் கரையில் ஒரு வாரம்: சைக்கிள் ஓட்டுவதும் ஊர் பார்ப்பதும் ஒத்துப்போகுமா?

திருச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கு 56 வயது, மனைவிக்கு 51. இரண்டு பேரும் தினமும் காலையில் 15 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறோம். வெளிநாட்டில் ஒரு வாரம், பத்து நாள் சைக்கிளிலேயே போய்ப் பழைய ஊர்கள், கோட்டைகள், அருங்காட்சியகங்கள் எல்லாம் பார்க்க ஆசை. எந்த நாட்டுக்குப் போகலாம்? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?"

சார், நாடு எது, கிலோமீட்டர் எத்தனை என்று நீங்கள் கேட்டாலும், உங்கள் மனதில் இருக்கிற கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்: பகலெல்லாம் மிதித்துக் களைத்துப்போன பிறகு, ஒரு தேவாலயத்தின் மேற்கூரை ஓவியத்தை அண்ணாந்து பார்க்க உடம்பிலும் மனதிலும் தெம்பு இருக்குமா? இருக்கும். ஆனால் அது நீங்கள் போடுகிற திட்டத்தைப் பொறுத்தது. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் டான்யூப் ஆற்றங்கரைப் பாதையில் பாஸாவிலிருந்து வியன்னா வரை ஆறு முறை போயிருக்கிறேன். இரண்டு முறை தனியாக, மற்ற முறைகள் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களோடும் நண்பர்களோடும். அவர்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். என் அனுபவம் இந்த ஒரு ஆற்றோடு நிற்கிறது. அதனால் எனக்குத் தெரிந்த இந்த வழியைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

முதல் பயணத்துக்கு நாட்டைத் தேடாதீர்கள், ஒரு ஆற்றைத் தேடுங்கள். ஜெர்மனியின் எல்லை ஊரான பாஸாவிலிருந்து வியன்னா வரை சுமார் 320 கிலோமீட்டர். அத்தனை தூரத்துக்கும் சேர்த்து ஆறு இறங்குவது ஏறக்குறைய 130 மீட்டர்தான். ஆற்றோடு சேர்ந்து நீங்களும் கீழே போகிறீர்கள், அதுவும் உங்களுக்கே தெரியாத அளவுக்கு மெதுவாக. பெரும்பாலும் மேற்குக் காற்று வீசுவதால் அது முதுகில் படும். சில நாள் கிழக்கிலிருந்தும் அடிக்கும், அன்றைக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். பாதையின் பெரும்பகுதி கார் வராத தார்ச்சாலை. அட்லாண்டிக் கடலிலிருந்து கருங்கடல் வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் போகிற 'யூரோவெலோ 6' என்ற நீண்ட சைக்கிள் வழியின் ஒரு துண்டு இது.

பாதை ஏன் இவ்வளவு சமமாக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பயணமே வேறு மாதிரி இருக்கும். நீராவிக் கப்பல் வருவதற்கு முன்னால், ஆற்றோட்டத்தை எதிர்த்து மேலே போகிற படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் கயிறு கட்டி இழுத்தன. பல படகுகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய வரிசை என்றால் நாற்பது, ஐம்பது குதிரைகள் கூடத் தேவைப்பட்டன. கீழே போவது சுலபம். தானியமும் ஒயினும் ஏற்றிக்கொண்டு வியன்னாவிலிருந்து மேலே ஏறுவதற்கு வாரக்கணக்கில் ஆனது. அந்தக் குதிரைகள் நடப்பதற்காகத் தண்ணீரை ஒட்டியே போட்ட வழிக்கு 'ட்ரெப்பல்வேக்' என்று பெயர். இன்றைக்கு நீங்கள் சைக்கிளில் போகிற பாதையின் பல பகுதிகள் அதே குதிரைவழிதான். இழுக்கிற குதிரைக்கு ஏற்றம் ஆகாது, அதனால் உங்களுக்கும் ஏற்றம் இல்லை. குதிரைகளும் படகோட்டிகளும் இளைப்பாறிய இடங்களில் ஊர்களும் சத்திரங்களும் வளர்ந்தன. களைத்துப்போகிற நேரத்துக்குச் சரியாக ஒரு சதுக்கமும் ஒரு தேவாலயமும் நாலு சாப்பாட்டுக் கடையும் எதிரே வருவது அதனால்தான்.

இப்போது கிலோமீட்டர். தினமும் 15 ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சமதளத்தில் 45 ஓட்ட முடியும், சந்தேகமே இல்லை. 80 கூட முடியும். ஆனால் 80 ஓட்டாதீர்கள். நான் முதல் முறை அப்படித்தான் திட்டம் போட்டேன். மெல்க் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மடத்தில் கடைசி நுழைவு முடிந்திருந்தது. மறுநாளும் 80 இருந்ததால் காத்திருக்க முடியவில்லை. பரோக் என்ற அலங்காரப் பாணியில் ஐரோப்பாவின் மிக அழகான கட்டடங்களில் ஒன்றை வெளிச்சுவரோடு பார்த்துவிட்டுக் கிளம்பினேன். அதற்குப் பிறகு நான் போட்ட திட்டம் எல்லாமே தலைகீழ்: எந்த ஊரில் எதைப் பார்க்க எத்தனை மணி நேரம் வேண்டும் என்று முதலில் எழுதுவேன், மிச்சமிருக்கிற நேரத்துக்குத்தான் கிலோமீட்டர். காலை எட்டரைக்குக் கிளம்பி மதியம் ஒன்றரைக்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும். குளித்து, சாப்பிட்டு, அரை மணி நேரம் படுத்து எழுந்தால் மாலை முழுக்க உங்களுடையது. கோடையில் அங்கே இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும்.

அந்தக் கணக்கில் பாஸாவில் இரண்டு இரவு, ஷ்லோகனில் ஒன்று, லின்ஸில் இரண்டு, கிரைனில் ஒன்று, மெல்கில் ஒன்று, டூர்ன்ஸ்டைனிலோ கிரெம்ஸிலோ ஒன்று, டுல்னில் ஒன்று, கடைசியில் வியன்னா. ஒரே நாளில் அதிகபட்ச தூரம் லின்ஸிலிருந்து கிரைன் வரை, அறுபது சொச்சம். மற்ற நாள்களில் நாற்பது, ஐம்பதை ஒட்டி முடியும்.

பாஸாவை விமானக் களைப்பு தீருகிற ஊராக மட்டும் எண்ணிவிட வேண்டாம். டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் கலக்கிற முனை அது. மூன்றும் வேறு வேறு நிறம், கலந்த பிறகும் கொஞ்ச தூரம் பச்சையும் கறுப்பும் தனித்தனியாகத் தெரியும். புனித ஸ்டீபன் பேராலயத்தில் ஏறக்குறைய 18,000 குழாய்கள் கொண்ட ஆர்கன் என்ற இசைக்கருவி இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை வார நாள்களில் நண்பகலில் அரை மணி நேரம் வாசிப்பார்கள். கீழ் ஸ்தாயி வரும்போது ஒலி காதுக்கு வருவதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மரப்பலகை வழியாக உடம்புக்கு வந்துவிடும். அப்புறம் பழைய நகரமன்றச் சுவரில் வெள்ள அளவுக் கோடுகளைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலே 1501. அதற்கு அடுத்து 2013 ஜூன், 12.89 மீட்டர். அந்தக் கோட்டுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் இந்த ஆறு எப்படிப்பட்டது என்று புரியும்.

லின்ஸில் இரண்டாவது நாளை மவுட்ஹவுசனுக்கு ஒதுக்குங்கள். சைக்கிளை விட்டுவிட்டு ரயிலிலோ பேருந்திலோ போங்கள். நாஜிகள் 1938 ஆகஸ்டில் அங்கே ஒரு வதைமுகாமை அமைத்தார்கள். அதிலும் அதன் கிளை முகாம்களிலுமாக ஏறக்குறைய 1,90,000 பேர் அடைக்கப்பட்டார்கள், அவர்களில் குறைந்தது 90,000 பேர் இறந்தார்கள். 1945 மே 5 அன்று அமெரிக்கப் படை வந்து விடுவித்தது. கல்குவாரியிலிருந்து கைதிகள் கருங்கல் சுமந்து ஏறிய 186 படிகள் இன்றும் இருக்கின்றன. அந்தக் குவாரி வியன்னா நகராட்சிக்குச் சொந்தமாக இருந்தது. வியன்னாவின் தெருக்களுக்குப் பாவிய கல் அங்கேயிருந்து போயிருக்கிறது. பயண நிறுவனங்களின் அட்டவணைகளில் இந்த இடத்தை 'விருப்பமிருந்தால்' என்று சின்ன எழுத்தில் போடுவார்கள், அல்லது பாதி வழியில் ஒரு மணி நேரம் நிற்க வைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு உடனே சைக்கிளில் ஏறக்கூடிய இடம் இல்லை இது. பண்பாட்டைப் பார்க்கப் போகிறோம் என்றால் அதில் இதுவும் சேரும் என்பது என் உறுதியான எண்ணம். பார்த்துவிட்டு வந்த மாலையில் வேறு எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கிரைன் சின்ன ஊர், பலர் நிற்காமலே தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் ஆறு குறுகிப் பாறைகளுக்கு நடுவே சுழித்து ஓடியது. படகோட்டிகள் மிகவும் பயந்த பகுதி அது. வழிகாட்டத் தெரிந்த உள்ளூர் ஆள்களை ஏற்றிக்கொள்ள எல்லாப் படகும் அங்கே நின்றாக வேண்டும், ஊர் அப்படித்தான் செழித்தது. பாறைகளைப் பிற்காலத்தில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கீழே 1959-இல் முடிந்த இப்ஸ்-பெர்சன்பாய்க் அணை மிச்சச் சுழல்களையும் மூழ்கடித்துவிட்டது. அங்கே 1791-இல் ஊர்க்காரர்கள் தானியக் கிடங்கை மாற்றிக் கட்டிய ஒரு நாடக அரங்கு இருக்கிறது. உள்ளே போனால் நம் ஊர்ப் பள்ளிக்கூட ஹால் அளவுதான். இருக்கைகள் மடக்கிப் பூட்டுகிற வகை. அந்தக் காலத்தில் சந்தா கட்டியவர் தன் சாவியைக் கொண்டுவந்து தன் நாற்காலியைத் திறந்து உட்காருவார். பக்கத்து அறை ஊர்ச் சிறைச்சாலை, சுவரிலிருந்த திறப்பு வழியாகக் கைதிகளும் நாடகம் பார்த்தார்கள். பெரிய அரண்மனைகளைவிட எங்கள் குழுவினர் அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தது இந்தப் பூட்டு நாற்காலிகளைப் பற்றித்தான்.

மெல்க் மடத்துக்கு மூன்று மணி நேரம் வேண்டும். பெனடிக்டின் என்ற கிறிஸ்தவத் துறவிகள் 1089-இல் வந்து இன்று வரை அங்கேயே இருக்கிறார்கள். இப்போது பார்க்கிற கட்டடத்தை யாகோப் ப்ராண்ட்டவுவர் 1702-இல் தொடங்கினார். நூலகத்தில் தரையிலிருந்து கூரை வரை தோல் அட்டைப் புத்தகங்கள், கையெழுத்துப் பிரதிகளோடு சேர்த்து மடத்தின் சேகரிப்பு ஒரு லட்சத்தை ஒட்டி வரும். கூரையில் பவுல் ட்ரோகர் தீட்டிய சுவரோவியம். எல்லாரும் தேவாலயத்தின் தங்கத்தைப் பார்த்து மயங்குவார்கள், எனக்கு இந்த நூலகம்தான்.

மெல்கிலிருந்து கிரெம்ஸ் வரை 36 கிலோமீட்டர் போலத்தான், ஆனால் முழு நாளையும் அதற்கே கொடுங்கள். வாஹவ் பள்ளத்தாக்கு என்பது இதுதான், 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பாலத்தைத் தாண்டி வடகரைக்குப் போய்விடுங்கள். சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவர்களின் மேல் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், கீழே ஆப்ரிகாட் மரங்கள். வில்லன்டார்ஃப் என்ற சின்ன ஊரில் 1908-இல் ரயில் பாதை வேலையின்போது 11 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண் உருவம் கிடைத்தது. 25,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சுண்ணாம்புக்கல் அந்தப் பகுதியைச் சேர்ந்தது கிடையாது. 2022-இல் வெளியான வியன்னா பல்கலைக்கழக ஆய்வு, கல் பெரும்பாலும் வடக்கு இத்தாலியிலிருந்து வந்திருக்கலாம் என்கிறது. உக்ரைன் பகுதிக் கல்லும் ஓரளவு பொருந்துவதால் அதை 'அநேகமாக' என்றுதான் சொல்ல வேண்டும். ஊரில் இருப்பது நகல், அசலை வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

டூர்ன்ஸ்டைனும் அப்படித்தான், உறுதியும் கதையும் கலந்த ஊர். சிலுவைப்போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை ஆஸ்திரியக் கோமகன் ஐந்தாம் லெயோபோல்ட் 1192 டிசம்பரில் பிடித்து, ஊருக்கு மேலே இருக்கிற கோட்டையில் அடைத்தார். பெரும் வெள்ளி கொடுத்துத்தான் மன்னரை மீட்டார்கள். இதெல்லாம் வரலாறு. பிளாண்டெல் என்ற பாடகன் கோட்டை கோட்டையாகப் போய்ப் பாட்டுப் பாடி மன்னர் இருக்குமிடத்தைக் கண்டுபிடித்தான் என்று அங்கே எல்லாரும் சொல்வார்களே, அது பிற்காலத்தில் சேர்ந்த கதை. கோட்டையை ஸ்வீடன் படை 1645-இல் தகர்த்தது. இடிபாடு வரை நடந்து ஏற அரை மணி நேரம், மேலே போனால் ஆறு வளைந்து போவது முழுசாகத் தெரியும்.

ஸ்பிட்ஸ் ஊரில் மறக்காமல் ஒரு தடவை அக்கரைக்குப் போய் வாருங்கள். அங்கே படகுக்கு இயந்திரம் இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் ஒரு இரும்புக் கயிறு, அதில் ஓடுகிற கப்பியோடு படகைக் கட்டியிருப்பார்கள். படகோட்டி சுக்கானைத் திருப்பியதும் படகு நீரோட்டத்துக்குச் சற்றுச் சாய்வாக நிற்கும். தண்ணீர் அதன் பக்கவாட்டில் தள்ளும், கயிறு கீழே போக விடாது, அதனால் படகு குறுக்கே நகரும். சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றால் கேட்பது தண்ணீர்ச் சத்தமும் மேலே கப்பி உருளுகிற கிறீச் சத்தமும்தான். நடு ஆற்றில் மேலே பார்த்தால் கப்பி நமக்குச் சற்றுப் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

கிரெம்ஸைத் தாண்டினால் சமவெளி, ஓட்டுவதற்குச் சுகம், பார்ப்பதற்குக் குறைவு. டுல்னில் ரோமானியக் கோபுரம் ஒன்று நிற்கிறது. டான்யூப் பல நூற்றாண்டுகள் ரோமானியப் பேரரசின் எல்லை, தென்கரை அவர்களுடையது. ஓவியர் ஏகோன் ஷீலே 1890-இல் பிறந்ததும் டுல்ன் ரயில் நிலையக் கட்டடத்தில்தான். வியன்னாவுக்குள் நுழைவதற்கு முன் குளோஸ்டர்நாய்புர்க் மடத்தில் 1181-ஆம் ஆண்டின் எனாமல் தகடுகள் பதித்த பலிபீடத்தைப் பார்த்துவிடுங்கள்.

சைக்கிளை ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டாம். பாஸாவில் வாடகைக்கு எடுத்து வியன்னாவில் விடலாம், பெட்டிகளை அடுத்த தங்குமிடத்துக்கு வண்டியில் கொண்டுபோய் வைக்கிற ஏற்பாடும் உண்டு. ஆனால் உங்கள் சீட்டை மட்டும் கழற்றி எடுத்துப் போங்கள். பழகிய சீட் என்றால் மூன்றாம் நாள் வலி பாதியாகக் குறையும். வாடகை சைக்கிள்கள் சிலவற்றில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும். நாம் சிக்னலில் நிற்கும்போது பெடலைப் பின்னால் சுற்றி மேலே கொண்டுவந்து வைக்கிற பழக்கக்காரர்கள், அங்கே அப்படிச் செய்தால் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். அந்த பிரேக் இல்லாத சைக்கிள் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதுங்கள். கை பிரேக்கும் மாறியிருக்கும். நம் ஊரில் பெரும்பாலும் வலது கையில் முன் பிரேக், அங்கே இடது கையில். போக்குவரத்தும் வலப்பக்கம். அதனால் பாஸாவின் இரண்டாவது நாள் மாலை ஆற்றோரமாகப் பத்து கிலோமீட்டர் வெறுமனே ஓட்டிப் பழகுங்கள். எங்கள் குழுவில் நடந்த ஒரே விழுகை முதல் நாள் காலையில், இந்த பிரேக் மாற்றத்தால்தான்.

சாப்பாடு கிடைக்கும், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். அங்கே ஒரு பழக்கம், காய்கறி சூப், அப்பத் துண்டு போட்ட சூப், பாலாடைக்கட்டி உருண்டை சூப் எல்லாம் மாட்டெலும்புச் சாற்றில் செய்வது. மேலே மிதப்பதில் இறைச்சி இல்லாததால் பரிமாறுகிறவரே சைவம் என்று சொல்லிவிடுவார். "சாறு எதில் செய்தது?" என்று கேளுங்கள். உருளைக்கிழங்கு சாலட்டுக்கும் இதே கேள்விதான். நம்பிச் சாப்பிடக் கூடியவை: பாலாடைக்கட்டி போட்ட கேஸ்ஷ்பெட்ஸ்லே என்ற மாவு உணவு (அதில் பன்றித் துண்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், முட்டை இருக்கும்), வாஹவில் ஆப்ரிகாட்டை முழுசாக உள்ளே வைத்து அவித்து, வறுத்த ரொட்டித்தூளில் புரட்டிய கொழுக்கட்டை. நம் பூரணக் கொழுக்கட்டை மாதிரியே இருக்கும், ஜூலை நடுவில் போனால் அன்று பறித்த பழம். ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கி வையுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

விசா, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா. பாஸாவ் ஜெர்மனியில் இருந்தாலும் அதிக இரவுகள் ஆஸ்திரியாவில் என்பதால் ஆஸ்திரியாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீட்டில் சைக்கிள் விபத்தும் அடங்குமா என்று விதிகளைப் படித்துப் பாருங்கள், சிலவற்றில் அதைத் தனியாக விலக்கியிருப்பார்கள். மே கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை நல்ல காலம். மழை அதிகமானால் கரையோரப் பாதையை மூடுவார்கள். 2024 செப்டம்பரில் வியன்னாவைச் சுற்றியுள்ள கீழ் ஆஸ்திரியா மாநிலம் முழுக்கவே பெரிய வெள்ளம் வந்தது. வழியிலுள்ள பல ஊர்களுக்கு ரயில் இருப்பதால் அப்படி ஒரு நாளை ரயிலில் தாண்டலாம், திட்டத்தில் ஒரு நாள் சும்மா வைத்திருங்கள்.

முழங்கால் வலி இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள், அதில் நான் சொல்ல எதுவும் இல்லை. மின்சார சைக்கிள் எடுக்கலாமா என்று உங்கள் மனைவி கேட்டால் எடுக்கட்டும். சமதளத்தில் அதற்குத் தேவை குறைவு, எதிர்க்காற்று நாளில் மட்டும் வித்தியாசம் தெரியும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். ஒரு சனிக்கிழமை காலை திருச்சியிலிருந்து கல்லணைக்கு ஓட்டிப் போங்கள். போக வர நாற்பது கிலோமீட்டர், அதுவும் ஆற்றங்கரை. திரும்பி வந்து சாப்பிட்டுப் படுத்து எழுந்து, மாலை ஸ்ரீரங்கத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் பிராகாரங்களில் நடந்து சிற்பம் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் இதையே திரும்பச் செய்யுங்கள். இரண்டாம் நாள் மாலை, ஆயிரங்கால் மண்டபத்தில் உங்களில் ஒருவராவது "அந்தத் தூணையும் பார்த்துவிட்டுப் போகலாம்" என்று சொன்னால் விசாவுக்கு விண்ணப்பித்துவிடலாம். இரண்டு பேருமே உட்கார இடம் தேடினால் என் அட்டவணையில் லின்ஸ்-கிரைன் நாளை மட்டும் ரயிலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.